பீப்பாய்க்குள் ஒரு சாவி

வாழ்நாளில் ஒரு முறைகூடத் தின்றிராத ஒரு பழத்தின் ருசி என் நாக்கில் தெரிகிறது என்று நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். பத்துப் பேர் முன்னிலையில். கோட்டு போட்டுக்கொண்டு.

நடந்த இடம் பிரான்ஸ். போர்தோ நகரத்துக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் போயாக் என்று ஒரு சின்ன ஊர். நம் ஊர்ப் பேருந்து நிலையம் அளவுக்குக்கூடப் பரபரப்பு இல்லாத ஊர். ஆனால் அந்த ஊர்ப் பெயர் லேபிளில் இருந்தால் பாட்டிலின் விலையில் சைபர்கள் கூடும். பத்திரிகைக்காரர்கள் குழு ஒன்றோடு, அடுத்தவர் செலவில், ஒயின் தயாரிப்பதைப் பார்க்கப் போயிருந்தேன்.

ஒயின் என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குடிப்பது நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல், பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. தவிர, 'ஒயின் ஷாப்' என்று போர்டு மாட்டிய கடையில் ஒயின் தவிர மற்ற எல்லாம் கிடைத்த ஊரில் வளர்ந்தவன் நான். என் கவலை வேறு. நாக்கு, நாணயம் இரண்டையும் பற்றியது.

மேசையில் ஆளுக்கு ஐந்து கிளாஸ் வைத்திருந்தார்கள். போர்தோ சிவப்பு ஒயினை ஒரே ஜாதித் திராட்சையில் செய்வது அபூர்வம். அது ஒரு கூட்டணி ஆட்சி. கேபர்னே சாவிஞான், மெர்லோ இரண்டும் பெரிய கட்சிகள். கேபர்னே ஃப்ரான், பெத்தி வெர்தோ சின்னக் கட்சிகள். மால்பெக், கார்மனேர் என்று இன்னும் இரண்டு உண்டு, அவை அங்கே இப்போது டெபாசிட் இழந்த நிலை. ஏன் கூட்டணி? கேபர்னே தாமதமாகப் பழுக்கும், மெர்லோ சீக்கிரம் பழுக்கும். பக்கத்திலேயே அட்லாண்டிக் கடல். செப்டம்பரில் எந்த வாரம் மழை கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். பி.காம். படித்தவனுக்கு இது உடனே புரிந்தது. இந்தக் கலவை முதலில் இன்ஷூரன்ஸ், அப்புறம்தான் ருசி.

முதல் நாலு கிளாஸில் நாலு திராட்சையும் தனித்தனியாக. கேபர்னேயை வாயில் வைத்ததும் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லண்டன் பத்திரிகைக்காரர் 'டானின்' என்றார். பிறகு அதை வர்ணிக்க வறட்சி, பிடிப்பு, சொரசொரப்பு என்று நாலைந்து வார்த்தைகளைத் தேடி அலைந்தார். எனக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. துவர்ப்பு! அறுசுவையில் ஒன்றாக உட்கார்த்திவைத்திருக்கிறோமே. கடுக்காய், வாழைப்பூ, நாவற்பழம், கொட்டைப்பாக்கு என்று அதில் நமக்குப் படிகள்கூட உண்டு. அந்தக் கேபர்னே கடுக்காய்க்குப் பக்கத்தில் இருந்தது.

மெர்லோ சாது. உருண்டையாக, சதைப்பற்றோடு, சண்டை போடாமல் இறங்கியது. கேபர்னே ஃப்ரானில் கசக்கிய பச்சை இலை வாசனை. பெத்தி வெர்தோ மை மாதிரி கறுப்பு, காரசாரம். நூற்றுக்கு நாலைந்து பங்கு சேர்ப்பார்களாம். ரசத்தில் பெருங்காயம் போடுவது போல. இருப்பது தெரியக்கூடாது, இல்லையென்றால் தெரிந்துவிடும்.

ஐந்தாவது கிளாஸில் கலவை. அதற்குத்தான் மார்க் போட வேண்டும், இருபதுக்கு.

கிளாஸைச் சாய்த்து வெள்ளைக் காகிதத்துக்கு மேல் பிடித்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஊதாவாக இருந்தால் இளசு, செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் வயசாளி. சுழற்றுவதற்கு முன் ஒரு முறை, சுழற்றிய பின் ஒரு முறை முகர வேண்டும். ஒரு வாய் வாங்கி, கூடவே கொஞ்சம் காற்றை உறிஞ்சி (நம் வீட்டில் இப்படி உறிஞ்சினால் முதுகில் ஒன்று விழும்), வாய் முழுக்கப் புரட்டி, வாளியில் துப்பிவிட வேண்டும். துப்பிய பிறகு ருசி எத்தனை வினாடி நிற்கிறது என்று மனசுக்குள் எண்ண வேண்டும். புளிப்பு, துவர்ப்பு, சாராய வேகம், பழச்சுவை நாலில் ஒன்று மற்றதை மிதித்துக்கொண்டு நிற்கிறதா, இல்லை தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் மதிப்பீட்டின் சாரம்.

பார்த்தேன். முகர்ந்தேன். எனக்கு ஜாமென்ட்ரி பாக்ஸ் வாசனை அடித்தது. ஆறாம் வகுப்பில் புதிதாக வாங்கி, பென்சில் சீவி, துருவலை அதற்குள்ளேயே போட்டு மூடிவைத்து, மறுநாள் திறந்தால் குப்பென்று வருமே, அதே வாசனை. துவர்ப்பு இன்னும் தூக்கலாக நின்றது. மனசுக்குள் 13 என்று வந்தது.

அப்போது ஓரக்கண்ணால் லண்டன்காரரின் அட்டையைப் பார்த்தேன். 17.

நான் 16.5 போட்டேன். அரை மார்க் குறைத்தது சுயமரியாதைக்கு.

எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மணி வரிசையாக எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தார். லண்டன்காரர் "கசிஸ்" என்றார். கருப்பாகச் சின்னதாக இருக்கும் ஒரு ஐரோப்பியப் பழம். என் முறை வந்தது. பென்சில் துருவல் என்று சொன்னால் சிரிப்பார்கள். "கசிஸ்தான், சந்தேகமே இல்லை" என்றேன். அம்மணி தலையசைத்தார். அந்தப் பழத்தை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. பின்னும் இல்லை.

கூத்து என்னவென்றால், ராத்திரி அறையில் அவர்கள் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினால், போயாக் ஊர் ஒயினின் அடையாளம் என்று இரண்டைத்தான் பிரதானமாகப் போட்டிருக்கிறது. ஒன்று கசிஸ். இன்னொன்று சிடார் மரம், பென்சில்!

சரி, இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கலாம். ருசி அவரவர் இஷ்டம். இதில் உண்மை ஏது, பொய் ஏது? நானும் அப்படித்தான் ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கெடுத்தவர் டேவிட் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1757-ல் ருசியின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் டான் குயிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். வேலையாள் சாஞ்சோ பான்சாவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஒயின் ருசிப்பதில் மன்னர்கள். ஒரு பீப்பாயைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். ஒருவர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். இன்னொருவர், நல்ல ஒயின்தான், லேசாக இரும்பு வாடை என்கிறார். கூட்டம் இரண்டு பேரையும் கேலி பண்ணித் தீர்க்கிறது. கடைசியில் பீப்பாயைக் காலி செய்தால், அடியில் ஒரு பழைய சாவி. அதில் கட்டியிருந்தது ஒரு தோல் வார்.

ஹ்யூம் சொல்ல வருவது இதுதான். அழகும் ருசியும் பொருளில் இல்லை, பார்க்கிறவன் மனசில்தான் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உணர்வைக் கிளப்புகிற ஏதோ ஒன்று பொருளுக்குள் இருக்கிறது. நல்ல நாக்கு அதைக் கண்டுபிடிக்கும். அதற்குப் பழக்கம் வேண்டும், ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் வேண்டும், முன்முடிவு இல்லாத மனசு வேண்டும்.

இன்றைக்குப் பீப்பாயைக் காலி செய்யக்கூட வேண்டியதில்லை. ஆய்வகம் இருக்கிறது. கேபர்னே வகைகளில் அடிக்கிற பச்சை வாசனைக்கும் குடைமிளகாய் வாசனைக்கும் காரணம் ஒரே குடும்பத்து ரசாயனம். பைரசின் என்று பெயர். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். கார்க் கெட்டுப்போனால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வரும். அதற்கு டி.சி.ஏ. என்ற பொருள் காரணம், அதற்கும் அதே மாதிரி துளியூண்டு போதும். இவையெல்லாம் சாவிகள். இருக்கிறதா இல்லையா என்று நிரூபிக்க முடியும். ஆகவே என் மூக்கு சொன்னதற்கும் நான் வாயால் சொன்னதற்கும் நடுவே இருந்த தூரம் பொய்தான். இஷ்டம் என்று அதை மழுப்ப முடியாது.

ஆனால் ஹ்யூம் கேட்ட முன்முடிவு இல்லாத மனசு, அது எந்தக் கடையில் கிடைக்கும்?

2001-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. போர்தோ பல்கலைக்கழகத்தில், ஒயின் படிப்பே படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளால் வர்ணித்துத் தள்ளிவிட்டார்கள். கண் பார்த்ததை மூக்கு ஆமோதித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், தானும் ஒயின் தயாரிப்பவர், மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களைச் சோதித்தார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கிளாஸ் ஊற்றி, மற்ற கிளாஸ்களுக்கு நடுவே கலந்து வைத்தார். ஒரே ஒயினுக்குத் தாங்கள் போட்ட மார்க்கிலேயே நிலையாக நின்றவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008-ல் இதை வெளியிட்டார்.

அதே 2008-ல் கலிஃபோர்னியாவில் இன்னொரு பரிசோதனை. ஆட்களை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்துக் குழாய் வழியாகக் கேபர்னே கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் ஒரு முறை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 என்றபோது அதிகம் பிடித்தது என்றார்கள். சும்மா சொல்லவில்லை. மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி நிஜமாகவே அதிகம் வேலை செய்தது. விலைச்சீட்டுக்கும் ருசி உண்டு என்று அர்த்தம். போர்தோக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தங்கள் ஒயின்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தார்கள். தரகர்கள் அடிப்படையாக வைத்துக்கொண்டது எதை? சந்தை விலையை! அந்தப் பட்டியல் இன்றைக்கும் செல்லுபடியாகிறது. மேலே ஏறிய ஒரே பெரிய பெயர் மூத்தோன் ரோத்ஷில்ட். இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு, 1973-ல்.

அந்த மூத்தோன் ரோத்ஷில்டின் 1970-ஆம் வருஷ ஒயினைத்தான் 1976 மே 24-ஆம் தேதி பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் லேபிளை மறைத்து மேசையில் வைத்தார்கள். வைத்தவர் ஸ்டீவன் ஸ்பரியர், பாரிஸில் ஒயின் கடை நடத்திய ஆங்கிலேயர். கூட மூன்று பெரிய போர்தோ ஒயின்கள். எதிர் அணியில் கலிஃபோர்னியாவிலிருந்து ஆறு, போர்தோவைப் பார்த்துச் செய்தவை. மார்க் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒன்பது நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள், துறையில் பெரிய தலைகள். முதலில் வெள்ளை ஒயின் சுற்று. அதில் கலிஃபோர்னியா ஜெயித்துவிட்டது. அந்த முடிவைச் சிவப்புச் சுற்று ஆரம்பிக்கும் முன்பே அறிவித்தும் விட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நடுவர்கள் எவ்வளவு உஷாராக உட்கார்ந்திருப்பார்கள்!

முதல் இடம் ஸ்டாக்ஸ் லீப், 1973. செய்தவர் வாரன் வினியார்ஸ்கி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியதை விட்டுவிட்டு நிலம் வாங்க வந்தவர். அந்தக் கொடிகளுக்கு வயது மூன்று. சராசரி மார்க் இருபதுக்கு 14.14. மூத்தோன் 14.09. வித்தியாசம் 0.05. பி.காம். கணக்குப்படி இதை வெற்றி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். ஹாட்ஜ்சன் கேட்டால் சிரிப்பார். வேறொரு நாள், வேறொரு மனநிலை, வரிசை மாறியிருக்கலாம். ஆனால் மூன்று வயதுக் கொடியின் ஒயினை நூற்றுக்கணக்கான வருஷப் பெருமையிலிருந்து அந்த ஒன்பது நாக்குகளால் பிரித்துப்பார்க்க முடியவில்லை என்பது மட்டும் அன்றைக்கு நிச்சயமாகிவிட்டது. முப்பது வருஷம் கழித்து 2006-ல் அதே சிவப்பு ஒயின்களைத் திரும்ப ருசித்தபோது முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கு.

அன்று பாரிஸில் இருந்த நடுவர்களில் ஒருவர் ஒதெத் கான், பிரான்ஸின் பெரிய ஒயின் பத்திரிகையின் ஆசிரியை. முடிவு தெரிந்ததும் தன் மார்க் அட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அவரைக் கிண்டல் பண்ணுகிறார்கள். எனக்கு முடியவில்லை. அவர் அட்டையில் இருந்தது அவருடைய சொந்த நாக்கின் சாட்சி. அது தப்பாகப் போய்விட்டதோ என்று பதறினார். என் அட்டையில் இருந்தது லண்டன்காரரின் நாக்கு. அதை நான் திருப்பிக் கேட்கவே இல்லை, பாராட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி பாக்கியிருக்கிறது. விலைச்சீட்டும் லேபிளும் தருகிற சந்தோஷம் நிஜமான சந்தோஷம்தானே? அதைக் கெடுப்பானேன்? ரூடி குர்னியவான் என்று ஒருவர், இந்தோனேசியாவில் பிறந்தவர், அமெரிக்காவில் தன் வீட்டிலேயே பழைய பிரெஞ்சு ஒயின்களைக் கலந்து தயாரித்து லேபிள் ஒட்டிக் கோடீஸ்வரர்களுக்கு விற்றார். 2014-ல் பத்து வருஷம் சிறைத்தண்டனை. நல்ல நாக்கு அவருக்கு, கலவை நன்றாகவே இருந்திருக்கிறது. வாங்கிக் குடித்தவர்கள் சொக்கிப்போனார்கள். அவர் கதை சந்திக்கு வரத் தொடங்கியது நாக்கால் அல்ல, கணக்கால். பர்கண்டிப் பகுதியில் போன்சோ என்ற குடும்பம் ஒரு குறிப்பிட்ட ஒயினைச் செய்ய ஆரம்பித்ததே 1982-ல். ஏலத்துக்கு வந்த பாட்டில்களில் 1945 முதல் 1971 வரை வருஷம் போட்டிருந்தது! அந்த 2008 ஏலத்திலிருந்து பாட்டில்களை விலக்கிக்கொண்டார்கள். சந்தோஷமாகக் குடித்து முடித்தவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நானும் விதண்டாவாதம் பேசியிருக்கிறேன். ஒரு சாயங்காலம் அந்த வாதம் என்னிடமே திரும்பி வந்தது.

நண்பனின் கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாம் நாள். வெளிநாட்டில் பதினொரு வருஷம் உழைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவன். முதல் போனஸில் வாங்கிய போர்தோ பாட்டில், சொந்த வீட்டில்தான் திறப்பது என்று ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு வந்தது. திறந்தான். ஊற்றினான். கிளாஸ் என் மூக்குக்கு வரும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கார்க் போய்விட்டது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. "சூப்பர்டா" என்றார் ஒருவர். "இதுதான் பழைய ஒயினோட வாசனை" என்றார் இன்னொருவர். நண்பனின் அம்மா பஜ்ஜித் தட்டோடு வந்தார். கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தார். "என்னடா இது, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்குது?" என்றார். அறையே சிரித்தது. "அம்மா, இது எத்தனை டாலர் தெரியுமா?" என்றான் அவன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான்தானே போயாக் வரைக்கும் போய் வந்தவன்.

"அருமையா இருக்குடா" என்றேன். கூடச் சிரித்தேன்.

அவன் மனசு நோகக்கூடாது என்று அப்படிச் சொன்னதாக ராத்திரி வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி என்னவென்றால், பஜ்ஜி சுட்டுக்கொண்டு வந்தவர் பக்கம் நிற்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. போயாக்கில் லண்டன்காரர் பக்கம் சாய்ந்தவன் இங்கே டாலர் பக்கம் சாய்ந்தேன். இன்னொன்றும் உறுத்தியது. கார்க் கெடுவது ஒரு பாட்டிலின் விதி, அந்த ஒயினின் குணம் அல்ல. "இந்த பாட்டில் கெட்டுப்போச்சுடா, இதோட நிஜமான ருசி வேற" என்று சொல்லியிருந்தால் அவன் அரை மணி நேரம் வருத்தப்பட்டிருப்பான். பதினொரு வருஷம் காத்திருந்த ருசி எதுவென்று என்றைக்காவது தெரிந்துகொண்டிருப்பான். இப்போது அந்த அட்டைப்பெட்டி வாடைதான் போர்தோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் அவன் சந்தோஷத்தைக் காப்பாற்றவில்லை, அவன் ஒயினைத் திருடிவிட்டேன்.

நாலு மாசம் கழித்து அவனிடம் சொன்னேன். "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்.

"அம்மா, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. அந்த ஒயின் கெட்டுப்போயிருந்தது. எனக்கும் தெரிஞ்சுது" என்றேன்.

"எந்த ஒயினுப்பா?" என்றார். அவருக்கு அது மறந்தே போயிருந்தது. "அது கிடக்கட்டும், டிகாக்‌ஷன் நேத்து வச்சது, காபி எப்படி இருக்கு சொல்லு."

முகர்ந்தேன். ஒரு வாய் குடித்தேன்.

"கொஞ்சம் சிக்கு வாடை அடிக்குதும்மா" என்றேன்.

"அதான் எனக்கும் தோணுச்சு" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.